கேஸுக்கு மாறியது தெரியக் கூடாது

பெட்ரோலில் ஸ்டார்ட் ஆன கார், கூலன்ட் ஓரளவு சூடேறியதும் தானாகவே எல்பிஜிக்கு மாறிக்கொள்ளும். டேஷ்போர்டில் ஒட்டிய சின்ன சுவிட்சில் விளக்கு மாறுவதுதான் அதற்கு ஒரே சாட்சி. அந்த நொடியில் ஸ்டீயரிங்கில் சிறு அதிர்வோ, ஆக்சிலரேட்டரில் ஒரு தயக்கமோ, ஐடிலிங்கில் ஓர் இறக்கமோ தெரிந்தால் ட்யூனிங் இன்னும் முடியவில்லை என்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பேச்சு தடைபடாமல் எரிபொருள் மாற வேண்டும். செய்தவரின் கை எங்குமே தென்படாமல் இருப்பதுதான் இந்த வேலையின் அழகு. அதை நின்று ரசிப்பவர்கள் நம்மூரில் குறைவு. கேஸ் வண்டி என்றாலே சிக்கனத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம்.

இந்தியாவில் எல்பிஜியில் கார் ஓட்டச் சட்டம் இடம் கொடுத்தது 2000இல். அதற்கு முன்பே சமையல் சிலிண்டரை டிக்கியில் படுக்கவைத்து ஓட்டியவர்கள் உண்டு. இன்றும் சிலர் ஓட்டுகிறார்கள். அதை இந்தக் கலையோடு சேர்த்துப் பேச எனக்கு மனமில்லை. வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும் என்பதற்காகத்தான் வாகன டேங்க்கின் மல்ட்டிவால்வு 80 சதவீதத்தோடு நிரப்புவதை நிறுத்துகிறது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே கலைந்து போகாமல் டிக்கியின் அடியில் தேங்கி நிற்கும். முறையான டேங்க்கும் ஆர்.சி. புத்தகத்தில் பதிவும் இல்லாத வண்டியைத் தொடமாட்டேன் என்று திருப்பி அனுப்புகிற மெக்கானிக்கிடமிருந்துதான் என் மரியாதை தொடங்குகிறது.

அம்பாசிடரும் மாருதி ஆம்னியும் கார்புரேட்டரோடு ஓடிய காலத்தில் இந்த வேலை முழுக்கக் காதை நம்பி நடந்தது. கார்புரேட்டர் வாயில் மிக்ஸர் என்ற வளையம் இருக்கும். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றே, திரவ எல்பிஜியை வாயுவாக்கும் ரெட்யூசரிலிருந்து கேஸையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். இடையில் ஹோஸில் ஒரு ஸ்க்ரூ. அதைத் திறக்கத் திறக்க எஞ்சின் வேகம் ஏறும், ஓரிடத்தில் உச்சம் தொடும், அதையும் தாண்டினால் சத்தம் கனத்துத் தொய்யும். தேர்ந்த கை அந்தத் தொய்வுவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வரும். தாண்டிப் பார்க்காமல் உச்சம் எதுவென்று எப்படித் தெரியும்? கலவை மெலிந்தாலோ, பழைய பிளக் வயரில் ஸ்பார்க் தவறினாலோ மேனிஃபோல்டு முழுக்க நிறைந்திருக்கும் கேஸ் பேக்ஃபயர் அடித்து, ஏர் ஃபில்டர் மூடியையே பிய்த்தெறியும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே கேஸை விட்டவர்கள் பலர்.

பிறகு வந்த சீக்வென்ஷியல் கிட்டின் யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இத்தாலியில் ரெஜியோ எமிலியா ஊரில் 1954இல் தொடங்கிய லாண்டி ரென்சோ ஆகட்டும், விசென்சாவின் லோவாட்டோ ஆகட்டும், போலந்தின் ஸ்டாக் ஆகட்டும், எல்லோருடைய சீக்வென்ஷியல் கிட்டும் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கிறது. காரின் சொந்தக் கம்ப்யூட்டர் வழக்கம்போல், பெட்ரோல் இன்ஜெக்டரை இத்தனை மில்லிசெகண்ட் திற என்று உத்தரவு அனுப்பும். கேஸ் கம்ப்யூட்டர் நடுவில் நின்று அந்த உத்தரவை வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜெக்டரை மூடிவைத்துவிட்டு, அந்த நேரத்தை ஓர் எண்ணால் பெருக்கி, கேஸ் இன்ஜெக்டரைத் திறக்கும். காரின் கம்ப்யூட்டருக்கு எரிபொருள் மாறிய சேதியே தெரியாது. கேஸ் குறைந்தால் எக்ஸாஸ்ட் பாதையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கலவை மெலிந்துவிட்டது என்று சொல்லும். காரின் கம்ப்யூட்டரோ பெட்ரோல்தான் போதவில்லை என்று நினைத்து நேரத்தைக் கூட்டும்.

ட்யூன் செய்பவர் கண் வைத்திருப்பது அந்த நேரத்தின் மேல்தான். ஒரு குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட பாரத்தில், பெட்ரோலில் 4 மில்லிசெகண்ட் என்றால், கேஸுக்கு மாறிய பிறகும் அதே பாரத்தில் 4 ஆகவே நிற்க வேண்டும். 4.8 என்று ஏறினால் கேஸ் பற்றவில்லை. 3.4 என்று இறங்கினால் கூடுதலாகப் போகிறது. கேஸின் நிறைகுறையைப் பெட்ரோல் கணக்கில் படிக்கிறார்கள்! மோட்டார் வேலையில் இவ்வளவு நேர்த்தியான சோதனையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கோவையில் நான் அடிக்கடி போய் நிற்கும் பட்டறைக்காரர், கேஸில் வண்டி குலுக்குகிறது என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: “ஏனுங்ண்ணா, பெட்ரோல்ல எப்படி ஓடுதுங்க?” கேஸ் ரிப்பேருக்கு வந்தவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் எல்பிஜி கலவையைப் பற்றவைக்க பிளக்குக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பெட்ரோலில் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்த தேய்ந்த பிளக்கும் விரிசல் விட்ட காயிலும் கேஸில் மேடு ஏறும்போது மாட்டிக்கொள்ளும். லேப்டாப்பைத் திறக்கும் முன் அவர் பிளக்குகளைக் கழற்றி இடைவெளியை அளப்பார், ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்ப்பார், வேக்குவம் ஹோஸ்களை விரலால் தடவிக்கொண்டே போவார். கேஸின் தலையில் போட்ட பல பழிகள் அங்கேயே தீர்ந்துவிடும். பெட்ரோலில் ஒழுங்காக ஓடாத எஞ்சினில் அவர் கேஸைத் தொடுவதேயில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான அளவு வேண்டுமே.

அந்தப் பட்டறையில்தான் ரெட்யூசரில் பனி பிடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சித்திரை வெயில். பானட்டைத் தூக்கியதும் எஞ்சின் அனல் முகத்தில் அடித்தது. அதற்கு நடுவில் அந்த அலுமினிய வட்டம் மட்டும் வெள்ளை பூத்திருந்தது. திரவம் வாயுவாக மாறும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். புரொப்பேனின் கொதிநிலையே மைனஸ் 42 டிகிரி. அந்தச் சூட்டைக் கொடுக்கத்தான் ரெட்யூசருக்குள் கூலன்ட் ஓடுகிறது. வண்டிக்காரரின் புகார், ஹைவேயில் வேகம் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் இழுவை போய்விடுகிறது என்பது. வேறொரு இடத்தில் இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருந்தார்களாம். இவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ரெட்யூசருக்குள் போகும் ஹோஸை ஒரு கையிலும் வெளியே வரும் ஹோஸை மறு கையிலும் பிடித்தார். ஒன்று கை வைக்க முடியாமல் சுட்டது. மற்றது கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. கூலன்ட் சுற்றவில்லை. ரெட்யூசரை ரேடியேட்டர் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டியிருந்ததால் காற்று அங்கே போய் அடைத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பிராக்கெட்டை ஒரு சாண் கீழே இறக்கி, கூலன்ட் ஊற்றி, காற்று முழுக்க வெளியேறும்வரை ஓடவிட்டார். இன்ஜெக்டர்களை அவர் தொடவேயில்லை.

நாஸில் துளையிடுவது இன்னொரு நுட்பம். கேஸ் இன்ஜெக்டரின் முனையில் சின்னப் பித்தளை நாஸில் இருக்கும். எஞ்சினுக்குத் தக்கபடி அதன் துளையைப் பெரிதாக்க வேண்டும். 6000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டரின் நான்கு ஸ்ட்ரோக்குக்கும் சேர்த்து இருப்பதே 20 மில்லிசெகண்ட். துளை சிறிதானால் அந்த நேரத்துக்குள் வேண்டிய கேஸ் போய்ச் சேராது, மேல் வேகத்தில் வண்டி திணறும். பெரிதானால் ஐடிலிங்கில் திறக்க வேண்டிய நேரம் மிகவும் சுருங்கிவிடும். மலிவான இன்ஜெக்டர் முழுதாகத் திறக்கவே இரண்டு மூன்று மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். திறந்தும் திறக்காமலும் தடுமாறும். அதனால் கையால் திருகும் சின்ன டிரில்லை வைத்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். நான்கும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் காய்ந்தால் ஆக்சிஜன் சென்சார் அதைத் தனியாகக் காட்டிக்கொடுக்காது, நான்கின் புகையும் கலந்துதான் அதன்முன் போகிறது. அவர் நாஸிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்விளிம்பில் பிசிர் இருக்கிறதா என்று பார்க்கும்போது நகைப் பட்டறையில் நிற்கிறோமோ என்று தோன்றும்.

பட்டறைக்குள் நிறுத்திவைத்தே ஆட்டோ கேலிப்ரேஷன் பட்டனை அழுத்திச் சாவியைக் கொடுப்பவர்கள் உண்டு. அது ஐடிலிங்கைச் சரிசெய்யும், அவ்வளவுதான். உண்மையான ட்யூனிங் ரோட்டில். மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலைப்பாதையில் பர்லியார்வரை ஏறினால் எந்தப் பாரத்தையும் எஞ்சினுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். மடியில் லேப்டாப். முதலில் பெட்ரோலில் ஓட்டினால் திரையில் ஒரு நிறத்தில் புள்ளிகள் சேர்ந்து ஒரு கோடு உருவாகும். பிறகு கேஸில் ஓட்டினால் வேறு நிறத்தில் இன்னொரு கோடு. இரண்டும் விலகும் இடத்தில் பெருக்கும் எண்ணைத் துளித்துளியாக மாற்றி மீண்டும் ஓட்டுவார்கள். கடைசியில் ஒரு கோட்டின் மேல் மற்றது படியும். அதைப் பார்க்கும் சந்தோஷமே தனி.

அங்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது காரின் கம்ப்யூட்டர் சென்சார் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிடும். ஆகவே கலவை தப்பாக இருந்தாலும் நேரம் மாறாது, இரண்டு கோடுகளும் சரியாக இருப்பதுபோலவே தெரியும். கலவை மெலிந்து எக்ஸாஸ்ட் வால்வு தீய்வது இந்த இடத்தில்தான். விஷயம் தெரிந்தவர் அப்போது கோட்டை விட்டுவிட்டு சென்சாரின் வோல்டேஜைப் பார்ப்பார். 0.8க்கு மேல் நின்றால் கலவை கெட்டியாக இருக்கிறது, வால்வுக்கு ஆபத்தில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு ஒன்று உண்டு. காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்தால் இருமுகிறது, பெட்ரோல் இன்ஜெக்டரைக் கழுவியும் தீரவில்லை என்று வருவார்கள். குற்றம் கேஸ் பக்கம். நாளெல்லாம் கேஸ் சற்று அதிகமாகப் போயிருக்கும். காரின் கம்ப்யூட்டர் நேரத்தைக் குறைத்துக் குறைத்து, அதையே பழக்கமாக மனதில் பதித்துக்கொண்டிருக்கும். காலையில் பெட்ரோலுக்கும் அதே குறைந்த நேரத்தைக் கொடுத்தால் எஞ்சின் பட்டினி கிடக்காமல் என்ன செய்யும்? ஓபிடி ஸ்கேனரில் லாங் டெர்ம் ட்ரிம் என்ற எண்ணைப் பார்த்தவுடன் இது புரிந்துவிடும். நோய் ஓரிடம், வலி ஓரிடம்.

மற்றதெல்லாம் ஒழுங்கான பராமரிப்புதான். கேஸ் பாதையின் இரண்டு ஃபில்டர்களையும் காலத்தில் மாற்றுவது, ரெட்யூசரில் சேரும் கறுப்பு எண்ணெயை வடிப்பது, சோப்பு நுரை வைத்து இணைப்புகளில் கசிவு பார்ப்பது, வால்வு சீட் தேய்கிறதா என்று டேப்பட் இடைவெளியை அளப்பது.

மைலேஜ் விஷயத்தில்தான் இவர்களின் நேர்மை தெரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவை ஒட்டி எடை இருக்கும், ஒரு லிட்டர் எல்பிஜி அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். லிட்டருக்கு லிட்டர் சக்தி குறைவு. பெட்ரோலில் 15 கொடுத்த வண்டி கேஸில் 12 கொடுத்தால் அது சரியான ட்யூனிங். பெட்ரோல் மைலேஜையே கேஸிலும் கொடுக்கிறேன் என்று சொல்பவர் கலவையை மெலியவைத்துத்தான் கொடுக்க முடியும். கோவைக்காரரிடம் அப்படிக் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். “இன்னுங் கொஞ்சம் மெலிச்சு வையுங்க” என்பார்கள். அவர் லேப்டாப்பை மூடிவிட்டு, ஒரு கிலோமீட்டருக்கு பெட்ரோலில் எவ்வளவு, கேஸில் எவ்வளவு என்று அன்றைய விலையில் கணக்குப் போட்டுக் காட்டுவார். ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்ற எவ்வளவு ஆகும் என்பதையும் அதற்குக் கீழேயே எழுதிக் கொடுப்பார்.