ஒருமனதாய் ஓர் ஊமைச் சட்டம்

எதிர்ப்புக் குரலே எழாமல் நிறைவேறிய சட்டம் என்றால் ஏடுகள் பாராட்டும், ஏமாளிகள் கைதட்டுவர். நமக்கோ அங்கேதான் ஐயம் பிறக்கிறது.

1985-ல் வந்த அரசியல் சட்டத்தின் 52-வது திருத்தம், கட்சித் தாவலைத் தடுக்க வந்தது. சனவரி 30-ல் மக்களவை, மறுநாள் மாநிலங்களவை. இரண்டிலும் ஒருமனதாக நிறைவேறியது. நோய் இருந்தது, மறுக்கவில்லை நாம். 1967-ல் அரியானாவின் கயாலால் இரண்டு வாரங்களுக்குள் மூன்று முறை கட்சி மாற, 'ஆயாராம் கயாராம்' என்று நாடே நகைத்ததன்றோ! ஆனால் மருந்து யாருக்குத் தரப்பட்டது?

1978-லும் இத்தகைய மசோதா ஒன்று வந்தது. ஆளுங்கட்சி வரிசையிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. மசோதா திரும்பப் பெறப்பட்டது. ஒற்றுமை காணாத அந்த நாளை நாம் பெரிதும் மதிக்கிறோம். அன்று உறுப்பினர்க்கு வாய் இருந்தது!

1985-ன் திருத்தமோ அந்த வாய்க்கே பூட்டுப் போட்டது. அரசு கவிழுமா நிலைக்குமா என்ற வாக்கெடுப்புக்கு மட்டுமா கட்டுப்பாடு? இல்லை, கொறடா ஆணையிட்டால் எந்த மசோதாவுக்கும் உண்டு. மீறினால், கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னிக்காவிடில், பதவி போகலாம். குடிமையியல் வகுப்பிலே மாணவன் ஒருவன் நம்மைக் கேட்டான்: "அப்படியானால் விவாதம் எதற்கு ஐயா?" பாடநூலைப் புரட்டினோம், விடை இல்லை.

தாவலாவது நின்றதா? தனி ஒருவன் தாவினால் குற்றம்; மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து தாவினால் அதன் பெயர் பிளவு! 1990-ல் சனதா தளத்தைப் பிளந்து வெளியேறிய சந்திரசேகர், பிரதமராகவே அமர்ந்தார். 2003-ல் 91-வது திருத்தம் அந்தக் கதவை அடைத்தது. மூன்றில் இரு பங்கினர் 'இணையும்' கதவு திறந்தே கிடந்தது. 2019-ல் கோவாவில் காங்கிரசின் 15 சட்டமன்ற உறுப்பினரில் 10 பேர் பாரதிய சனதாவில் இணைந்தனர். எண்ணிப் பாருங்கள், தோழர்களே; கணக்கு எவ்வளவு கச்சிதம்!

தீர்ப்பு வழங்குபவர் யார்? சபாநாயகர், பெரும்பாலும் ஆளுங்கட்சி தேர்ந்த மனிதர். 1992-ல் உச்சநீதிமன்றத்தின் ஐவரில் மூவர் இந்தச் சட்டத்தை ஏற்றனர். சபாநாயகர் நடுநிலை நீதிபதியாக இயலாது என்றனர் மற்ற இருவர். அவர்கள் பக்கமே நாம்.

கட்சிகள் உடன்பட்டன, உண்மை. தலைமையின் பிடி இறுகுவதற்குத் தலைமைகள் உடன்படுவதில் வியப்பென்ன? வாக்களித்த மக்களை எவரும் கேட்கவில்லை.

1990-ல் தினேஷ் கோஸ்வாமி குழு ஒரு வழி சொல்லிற்று. தானாகக் கட்சியை விட்டு விலகுவோர்க்கும், நம்பிக்கை வாக்கெடுப்பில் கொறடாவை மீறுவோர்க்கும் மட்டும் பதவியிழப்பு இருக்கட்டும்; மற்றவற்றில் உறுப்பினர் தம் மனம்போல் வாக்களிக்கட்டும். முடிவும் சபாநாயகர் கையில் வேண்டாம்; தேர்தல் ஆணையத்தின் கருத்துப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ வழங்கட்டும் என்றது. அதற்கு மட்டும் கட்சிகளிடையே ஒருமித்த கருத்து இன்றளவும் பிறக்கவில்லை.