பெயரைக் காத்து உருவைத் தொலைத்த பட்டியல்

சர்வதேச வானியல் ஒன்றியம் 2016இல் விண்மீன் பெயர்களுக்கென்று ஒரு பணிக்குழு அமைத்து, அந்த ஆண்டு முடிவதற்குள் 227 பெயர்களை அதிகாரபூர்வமாக்கியது. அல்டெபரான், வேகா, டெனெப், ஃபோமல்ஹாட் என்று அரபு வேர் கொண்டவை அதில் ஏராளம். இதை அரபு வானியலுக்குக் கிடைத்த மரியாதை என்று கொண்டாடுவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பட்டியலால் நன்மை உண்டு. ஒரே மீனுக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் புழங்கிய குழப்பம் தீர்ந்தது. காசு வாங்கிக்கொண்டு விண்மீனுக்குப் பெயர் சூட்டித் தருவதாகச் சொல்லும் வியாபாரத்துக்கு எந்த மதிப்பும் இல்லை என்பதும் தெளிவானது. பவுல் குனிட்ஸ் போன்ற அரபு மொழி ஆய்வாளர்களின் உழைப்பையும் குழு பயன்படுத்திக்கொண்டது. அவ்வளவுதான்.

குறை அடித்தளத்திலேயே இருக்கிறது. ஒரு மீனுக்கு ஒரு பெயர் என்பது விதி. பாலைவன அரபியரோ பல இடங்களில் தனி மீனைப் பார்க்கவில்லை, உருவத்தைப் பார்த்தார்கள். நாம் கார்த்திகை என்னும் கூட்டம் அவர்களுக்குச் சுரையா என்ற பெண். அவளுக்கு இரண்டு கைகள். ஒன்று குறைபட்ட கை. மற்றொன்று பெர்சியஸ் கூட்டத்தைக் கடந்து காசியோப்பியா வரை நீளும். அங்கே ஒளிரும் மீன்கள் அவளுடைய மருதாணி இட்ட விரல்கள். பாதி வானத்தை அளக்கும் கற்பனை இது.

இப்போது பட்டியலைப் பாருங்கள். தோளைக் குறிக்கும் மென்கிப்பும் முழங்கையைக் குறிக்கும் மிர்ஃபக்கும் கிரேக்க வீரன் பெர்சியஸின் கணக்கில் சேர்ந்துவிட்டன. உள்ளங்கையான காஃப், காசியோப்பியாவின் ஒற்றை மீனுக்குப் போய்விட்டது. விரல்கள் எல்லாம் சேர்ந்தால்தானே கை? உறுப்புகள் பதிவாகியிருக்கின்றன, பெண்ணைக் காணோம்.

பெருங்கரடி விண்மீன் கூட்டத்தின் பாதங்களில் மூன்று இரட்டை மீன்கள் உண்டு. அவற்றை மான் தாவிச் சென்ற மூன்று தாவல்களாக அரபியர் கண்டார்கள். இன்று அங்கே ஆலுலா, டானியா, டலிதா என்ற பெயர்கள் நிற்கின்றன. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்பதற்கு மேல் அவற்றுக்குப் பொருள் இல்லை. மானும் போயிற்று, தாவலும் போயிற்று; மிஞ்சியது வரிசை எண்.

இந்தச் சிதைவு ஐரோப்பாவில் எப்போதோ நடந்தது, குழு இருந்ததைத்தான் எழுதியது என்பார்கள். இருந்ததை எழுதுவது வேறு, உலகம் முழுவதற்கும் இதுவே சரி என்று முத்திரை குத்துவது வேறு. டெனெப், பண்டைய வானியலாளர் தாலமியின் கிரேக்க வர்ணனை அரபுக்குப் போய்ப் பிறந்த பெயர். மிர்ஃபக் பாலைவனத்தாரின் சொந்தச் சொத்து. இரண்டுக்கும் பட்டியல் ஒரே தகுதியைத்தான் தருகிறது.

வேறு வழியில்லையா? வானியலாளர் அஸ்-சூஃபி 964இல் எழுதிய நிலை விண்மீன்கள் நூலில் வழி இருக்கிறது. கூட்டம் கூட்டமாகத் தாலமியின் உருவத்தை விவரித்துவிட்டு, அரபியர் அதே மீன்களில் கண்டதைத் தனியாக எழுதிவைத்தார் அவர். இரண்டு மரபுகளும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒரே நூலில் நின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் கையால் எழுதி முடித்ததை, கணினியும் நிபுணர் குழுவும் உள்ள ஒன்றியம் செய்ய முடியாது என்றால் நான் நம்பமாட்டேன். செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை, அதுதான் உண்மை. தனி மீன்களோடு உருவங்களுக்கும் பதிவேட்டில் இடம் தரட்டும். அதுவரை இதை அரபு மரபின் பாதுகாப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம்.