ஒமர் ஷரீஃப்: யாருடைய முகம்?

ஒமர் ஷரீஃபைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ‘கலாசாரங்களுக்கிடையே ஒரு பாலம்’ என்ற சொற்றொடரும் கூடவே வந்துவிடுகிறது. பாலத்தின்மேல் யார், எந்தத் திசையில் நடந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வை (1962) மீண்டும் பார்த்தேன். கானல் நீரில் ஒரு கரும்புள்ளியாகத் தோன்றி, அவசரமே இல்லாமல் ஒட்டகமும் மனிதனுமாக வளர்ந்து வரும் அந்தப் பிரவேசம் இன்றும் அபாரம்தான். ஆனால் அதே படத்தில் இளவரசர் ஃபைஸலாக வருபவர் ஆங்கிலேயரான அலெக் கின்னஸ்; அவ்தாவாக வருபவர் மெக்ஸிகோவில் பிறந்த அந்தோணி க்வின். முன்னணி அராபியப் பாத்திரங்களில் அராபியர் ஷரீஃப் ஒருவரே. பிறகு நடந்ததுதான் விசித்திரம். இந்த அராபியரைக் கண்டெடுத்தவர்கள் அவரை ஸ்பானியப் பாதிரியாகவும், செங்கிஸ்கானாகவும், ருஷ்யக் கவி ஷிவாகோவாகவும், ஜெர்மன் ராணுவ அதிகாரியாகவும், சே குவாராவாகவும் ஆக்கினார்கள். இதை நடிப்பின் விசாலம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. எந்த உடுப்பையும் மாட்டலாம் என்ற வசதி துணிக்கடை பொம்மைக்கும் உண்டு. ஷிவாகோவில் அவர் செய்வதெல்லாம் பார்ப்பதுதான். அந்த ஈரக் கண்களே அங்கே போதுமாக இருந்தன. மற்ற பலவற்றில் அதுவும் இல்லை.

வாழ்க்கையில் அவர் கடந்த எல்லைகள் இத்தனை சுலபமானவை அல்ல. 1932இல் அலெக்ஸாண்ட்ரியாவில், லெவாந்திய வேர்களுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் மிஷேல் ஷல்ஹூபாகப் பிறந்தவர். 1955இல் இஸ்லாத்தைத் தழுவி ஃபாத்தன் ஹமாமாவை மணந்தார். ஒரு பெண்ணுக்காக என்று இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். பெயரையும் பிரார்த்தனையையும் மாற்றிக்கொள்வது சிரிக்கிற காரியமா? 1967 ஜூன் போரை ஒட்டி, யூதப் பெண்ணான பார்பரா ஸ்ட்ரைசாண்டுடன் ‘ஃபன்னி கேர்ள்’ படத்தில் நடித்ததற்காக எகிப்தில் கண்டனம் எழுந்தது. 2005இல் இத்தாலியத் தொலைக்காட்சியில் புனித பேதுருவாக நடித்தபோது கொலை மிரட்டலே வந்தது. திரையில் யாராக வேண்டுமானாலும் இருக்க அனுமதிக்கப்பட்டவரிடம் திரைக்கு வெளியே ஓயாமல் கேட்கப்பட்டது, நீ யார் என்பதுதான்.

முதுமையில் நடித்த ‘மிஸ்யோ இப்ராஹிம்’ (2003) சற்றுச் சர்க்கரை தூக்கலான படம். பாரிஸ் தெருவொன்றில் மளிகைக் கடைக் கிழவர். எல்லோரும் ‘அராபியன்’ என்றழைக்க, அவரோ துருக்கிய முஸ்லிம்! யூதச் சிறுவன் டப்பாக்களைத் திருடுவதைத் தெரிந்தும் தெரியாதவர்போல் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் ஒரு தசைகூட அசைவதில்லை. இத்தனை வருஷ வேஷங்களில் எனக்குக் கிடைக்காத மனிதர் அங்கே கல்லாவின் பின்னால் இருந்தார்.

அதற்கு முன்பு அவரை ஒரே ஒரு தடவை அப்படிப் பார்த்திருக்கிறேன். யூஸுஃப் ஷாஹீனின் 1954ஆம் வருஷப் படத்தில், மேல் எகிப்தின் கரும்பு வயல்களில், தூக்கிலிடப்பட்ட தகப்பனின் மகனாக. அங்கே அவர் பேசியது சொந்த பாஷை.