பழியும் வீண்பழியும்

'பழி' என்ற சொல்லுக்குள் செய்த குற்றமும் இருக்கிறது, பிறர் சுமத்தும் குற்றச்சாட்டும் இருக்கிறது. அது மெய்யா பொய்யா என்று அந்தச் சொல் காட்டித் தராது. அதனாலதான் நம்ம ஏறாவூர்ப் பிள்ளை, "என்ட மேல வீணாப் பழி போடுறாங்க சேர்" என்று அழும்போது அந்த 'வீண்' தேவைப்படுகிறது.

திருக்குறள் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியது. ஹதீஸ் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது: ஒருவரிடம் உள்ள குறையை அவர் இல்லாத இடத்தில் பேசினால் கீபத்; இல்லாததைச் சொன்னால் புஹ்தான். ஆயிஷா நாயகி (ரலி) மீது கட்டப்பட்ட கதையை 24ஆம் அத்தியாயமான சூரத்துந் நூர் 'மகத்தான புஹ்தான்' என்றே குறிக்கிறது.

நாமோ "நெருப்பில்லாமப் புகையுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறோம். அந்தக் கேள்வி 'வீண்' என்ற சொல்லை அழித்துவிடுகிறது. பிள்ளைக்கு மிஞ்சுவது வெறும் பழிதான்.