ஓசூரும் ஹைட்ரஜனும்: 55 யூனிட் கணக்கு

2023 பிப்ரவரியில் பெங்களூருவில் அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் ஹைட்ரஜனில் ஓடும் கனரக லாரியைக் காட்டின. அதற்கு முந்தைய மாதம்தான் மத்திய அரசு தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ₹19,744 கோடி ஒதுக்கியிருந்தது. லேலண்டின் ஆலைகள் ஓசூரில் இருக்கின்றன. அப்படியானால் இந்த வாயுவால் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு என்ன லாபம்?

தண்ணீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்கச் சுமார் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். உயரழுத்த இணைப்பில் யூனிட் ₹7 என்று வைத்தாலே ₹385; டிமாண்ட் சார்ஜ் தனி. அந்தக் கிலோவில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 3.3 லிட்டர் டீசலுக்குச் சமம். அந்த டீசலின் விலை, வரியோடு சேர்த்தே, ₹300 சொச்சம். ஹைட்ரஜனைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசரின் விலையும் அழுத்தமேற்றும் செலவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

சொந்த சோலார் இருந்தால் மின்செலவு பாதியாகுமே என்பார்கள். ஆகும். ஆனால் வெயில் போனதும் கோடிகள் கொட்டி வாங்கிய எந்திரம் சும்மா கிடக்கும், வட்டி மட்டும் ஓடும். பானிபட் சுத்திகரிப்பு ஆலைக்கு ஆண்டுக்கு 10,000 டன் தரும் திட்டத்திலேயே 2025-இல் முடிவான விலை கிலோ ₹397.

அதே 55 யூனிட்டில் பேட்டரி பஸ் சுமார் 40 கி.மீ. ஓடும், ஹைட்ரஜனாக்கி ஃபியூயல் செல் பஸ்ஸில் நிரப்பினால் 12 கி.மீ. தாண்டுவதே பெரிது. போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர், டிவிஎஸ் என இந்த வட்டாரம் பேட்டரிப் பக்கம் சாய்ந்தது சரிதான்.

தண்ணீர் அதிகம் செலவாகும் என்று எதிர்ப்பவர்களின் வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலை வருவது இயல்பு. ஆனால் ஒரு டன் ஹைட்ரஜனுக்கு, சுத்திகரிப்பில் கழிவதையும் சேர்த்து, இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர் போதும். முட்டுக்கட்டை மின்சாரம்தான்.

ஓரிடத்தில் கணக்கு மாறலாம். ஹீட் ட்ரீட்மென்ட் உலைகளுக்கு ஹைட்ரஜன் சிலிண்டரில் வருகிறது. ஆளுயர இரும்பு உருளை, ஐம்பது கிலோவுக்கு மேல் எடை. உள்ளே வாயு அரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். லாரி சுமப்பதெல்லாம் இரும்பைத்தான். அங்கே போட்டி டீசலோடு அல்ல, இந்தச் சிலிண்டர் வாடகையோடும் லாரிக் கூலியோடும். ஆலைக்குள்ளேயே ஒரு சிறு எலக்ட்ரோலைசர் வைப்பது கட்டுபடியாகலாம். ஆனால் அது சின்னச் சந்தை.

பெரிய சந்தைக்குத் தூத்துக்குடிதான் இடம்: காற்று, வெயில், துறைமுகம், ஸ்பிக் உர ஆலை எல்லாம் அருகருகே. அங்கும் வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் திறந்த முன்னோட்ட ஆலையின் திறன் மணிக்கு 10 கன மீட்டர். எடையில் ஒரு கிலோகூட இல்லை.

ஆகவே ஓசூரில் ஹைட்ரஜன் தயாரிக்க மானியம் தருவது வீண். இந்த ஊரின் பலம் லேத்திலும் வார்ப்பிலும் இருக்கிறது. வால்வு, கம்ப்ரஸர், எஞ்சின் பாகங்களை இங்குள்ள சிறு பட்டறைகள் செய்து தரமுடியும். உயரழுத்தச் சோதனைக்கூடமும் தரச்சான்றும்தான் அவர்களுக்கு எட்டாத செலவு. அரசு பணம் போடுவதென்றால் அதில் போடட்டும். அதையும் தூத்துக்குடியில் உறுதியான ஆர்டர்கள் விழுந்த பிறகு செய்தால் போதும்.