செடி வளர்ந்தால் போதுமா?

கன உலோகங்கள் காய்கறிச் செடிகளின் வளர்ச்சியை எவ்வாறு பாதிக்கின்றன என்று தொட்டிச் சோதனை செய்து எழுதும் கட்டுரைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அநேகமாக எல்லாம் ஒரே அச்சு. தொட்டி மண்ணில் காட்மியம் குளோரைடையோ செம்பு சல்பேட்டையோ கரைத்து ஊற்றுவார்கள்; வெண்டையோ தக்காளியோ விதைப்பார்கள்; முளைப்பு, வேரின் நீளம், இலையின் பச்சையம் ஆகியவற்றை அளப்பார்கள். உலோகம் கூடக் கூட வளர்ச்சி குன்றுகிறது என்று முடிப்பார்கள். பிழையில்லை. ஆனால், அந்தக் காயை உண்ணப்போகிறவருக்கு இதனால் என்ன தெரிந்தது?

செம்பும் துத்தநாகமும் மிகுந்தால் செடியே முதலில் வாடி நம்மை எச்சரித்துவிடும். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும் (முள்ளங்கி உண்பவருக்கு இது ஆறுதல் அன்று). காட்மியத்தின் குணம் வேறு. கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத்தர அமைப்பு, கீரை வகைகளில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் காட்மியமே இருக்கலாம் என்கிறது. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். ஆகவே உலர்ந்த எடைக்கு இது சுமார் 2 மில்லிகிராம். செடியில் நஞ்சின் அறிகுறி தோன்றுவதோ, பொதுவாக 5, 10 என்று ஏறிய பிறகுதான். இடைப்பட்ட நிலையில் கீரை தளதளவென்றிருக்கும். சந்தையில் முதலில் விற்பதும் அதுவாகவே இருக்கலாம்! ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில், காட்மியம் ஏறிய அரிசியை உண்டவர்களின் எலும்புகள் நலிந்து முறிந்தன. காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 1968இல். பயிரின் உயரத்தை அளந்து இந்த ஆபத்தைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

புதிதாகக் கரைத்து ஊற்றிய உப்பும், நிலத்தில் பல்லாண்டு கிடந்த கழிவும் ஒன்றல்ல. தூத்துக்குடித் தாமிர உருக்காலை 2018இல் மூடப்பட்டது; அதைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டை 2024இல் உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்த ஆலையின் கசடு உப்பாற்று ஓடையோரம் கொட்டப்பட்டது. கசட்டில் உலோகம் கண்ணாடி போன்ற பொருளுக்குள் அடைபட்டிருக்கும், மெல்லத்தான் கசியும். அதன் விளைவை அறிய அந்த மண்ணையே எடுத்துச் சோதிக்க வேண்டும்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். இங்கிருந்து வடக்கே வேம்பார் வரை கடலோரக் கிணறுகளில் உவர்ப்பு புதிதன்று. வேம்பார் மண் கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால், உவர்நீரிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை மண்ணின் பிடியிலிருந்து இளக்கி வேருக்குக் கொடுத்துவிடும். உவர்நீர் பாய்ந்த உருளைக்கிழங்கில் காட்மியம் கூடுவதை 1990களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டனர். நல்ல தண்ணீர் ஊற்றி வளர்த்த தொட்டிச்செடி, வேம்பார்த் தோட்டத்துக்கு எப்படிச் சாட்சி சொல்லும்?

கல்லூரியில் இத்தகைய சோதனையில் இறங்கும் மாணவர்களே, ஒரு வரிசைத் தொட்டிகளுக்கு உங்கள் ஊர்க் கிணற்று நீரையே ஊற்றுங்கள். உண்ணும் பகுதியைக் கழுவி, உலர்த்தி, அதிலுள்ள உலோகத்தை ஆய்வகத்தில் அளந்து எழுதுங்கள். செடியின் உயரத்தை அதற்குப் பிறகு எழுதலாம்.