பேசும் கைகளும் பாடும் குரல்களும்

முத்தமிழ் என்று பெருமிதத்துடன் பேசும் நாம், அம்மூன்றனுள் இசை செவிக்கே உரியது என்று ஐயமின்றி நம்பி வருகிறோம். எனின், செவி கேளாத ஒருவர் இசை நாடகத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்க இயலுமா? கேட்போரும் கேளாதோரும் ஒரே மேடையில் கூடி இசை நாடகம் நிகழ்த்தல் கூடுமா? வினா புதுமையானதே. ஆயினும் அதற்கு விடை கண்ட அரங்கு ஒன்று உண்டு. அவ்விடையை ஆராய்ந்து, ஐதராபாத்தில் வாழும் நாம் அதனின்று கொள்ளத்தக்கன எவை என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1991-இல் தோன்றியது 'டெஃப் வெஸ்ட்' நாடகக் குழு. மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின் கதையைத் தழுவிய 'பிக் ரிவர்' என்னும் இசை நாடகத்தை இக்குழு 2001-இல் மேடையேற்றியது. 2003-இல் அது நியூயார்க்கின் பிராட்வேயை அடைந்தது. ஹக் என்னும் சிறுவனாகச் செவி கேளாத டைரோன் ஜியார்டனோ கைகளால் பேசினார். மார்க் ட்வெயினாக மேடையில் தோன்றிய டேனியல் ஜென்கின்ஸ் அவருக்குக் குரல் தந்தார். இங்கு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. குரல் தருபவர் திரைக்குப் பின் மறைந்திருப்பின் அது வெறும் பின்னணிப் பேச்சாக முடிந்திருக்கும். படைத்தவனே தன் பாத்திரத்திற்குக் குரலாக நின்றமையால், தேவை கலையாக மாறியது. ஒரு பாடலின் இறுதியில் குரலும் கருவியும் அடங்க, நடிகர் அனைவரும் கைகளால் மட்டுமே பாடினர். அந்நேரத்தில் கேட்கும் அவையினரும் கேளாத அவையினரும் ஒரே நிலையில் அமர்ந்தனர். ஆயிரம் சொற்பொழிவுகள் செய்ய இயலாததை அந்த மௌனம் செய்தது எனலாம்.

இதே குழு மைக்கேல் ஆர்டனின் இயக்கத்தில் உருவாக்கிய 'ஸ்பிரிங் அவேக்கனிங்' 2015-இல் பிராட்வேக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் வாழ்ந்த இளையோரின் உள்ளத்தைப் பெரியோர் அறிய மறுத்த துயரமே அந்நாடகத்தின் பொருள். 1880-இல் மிலான் நகரில் கூடிய செவி கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகை மொழியை விலக்கி வாய்ப்பேச்சையே புகட்ட வேண்டும் என்று தீர்மானித்தது. இவ்வரலாற்றை நாடகத்தின் காலத்தோடு பொருத்தியபோது, பிள்ளைகளின் சொல்லைக் கேளாத பெரியோரே உண்மையில் செவிடர் என்னும் கருத்து தானே புலப்பட்டது. 'பிக் ரிவர்' வடிவத்தால் வென்றது. 'ஸ்பிரிங் அவேக்கனிங்' வடிவத்தையும் பொருளையும் ஒன்றாக்கி வென்றது. ஆதலின் பின்னதையே நாம் உயர்வாகக் கருதுகிறோம்.

இம்முறை நமக்கு முற்றிலும் அயலானதன்று. ஒற்றைக்கை முத்திரையைப் பிண்டி என்றும் இரட்டைக்கை முத்திரையைப் பிணையல் என்றும் பகுத்துக் கூறுகிறது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. கேரளத்துக் கதகளியில் நடிகர் வாய் திறந்து பேசுவதில்லை. பாடகர் இருவர் பின்னே நின்று பாட, கையும் கண்ணுமே உரையாடுகின்றன. நடிகர் ஓர் அடியின் பொருளை விரித்து முடிக்கும் வரை பாடகர் அவ்வடியைத் திரும்பத் திரும்பப் பாடுவர். கை குரலைத் துரத்துவதில்லை. குரலே கைக்காகக் காத்து நிற்கிறது. கேட்போரும் கேளாதோரும் கூடி நடிக்கும் அரங்கிற்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறு வேண்டுமோ?

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. முத்திரை வேறு, சைகை மொழி வேறு. முன்னது பாடலின் பொருளைக் காட்டும் கலைக்குறி. பின்னது மக்கள் நாள்தோறும் வழங்கும் உயிருள்ள மொழி. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அதற்கு 3,000 சொற்கள் கொண்ட அகராதி 2018-இல்தான் வெளிவந்தது. பாட்டின் சொல்லுக்குச் சொல் கையசைத்தால் அது மொழிபெயர்ப்பும் ஆகாது, நடிப்பும் ஆகாது. பாடலைச் சைகை மொழியில் புதிதாக யாக்கும் கவிஞர் ஒருவர் வேண்டும். அவர் செவி கேளாதவராகவே இருத்தல் நலம்.

நம் திரைப்படங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1977-இல் 'உயர்ந்தவர்கள்', 2007-இல் 'மொழி' ஆகியன இம்மாந்தரின் வாழ்வைக் கனிவுடன் காட்டின. எனினும் அவ்வேடங்களை ஏற்றோர் செவி கேட்கும் நடிகரே. 2009-இல் 'நாடோடிகள்' படத்தில் செவி கேளாத அபிநயா நடித்தது புதிய வாயிலைத் திறந்தது. அவ்வாயிலில் நாடக மேடையும் நுழைய வேண்டாவா?

ஐதராபாத் இதற்கு ஏற்ற நகரம். 1885-இல் கடப்பைப் பகுதியில் தோன்றி, பின்னர் இந்நகரில் வேரூன்றிய சுரபி நாடகக் குடும்பத்தார், நடிகரே பாடும் பத்திய நாடக மரபைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். இராகத்தை நீட்டிப் பாடும் அம்மரபில், சொல்லற்ற ஆலாபனைக்குக் கை என்ன செய்யும் என்பதே கடினமான சிக்கல். ஒரு சைகையை முடிக்காமல் நீட்டிப் பிடித்தும், ஒன்றை மற்றொன்றாகக் கரையச் செய்தும் அதற்கு ஈடு காணலாம். தாளத்தையோ, பலகைத் தரையின் அதிர்வும் உடன் நடிப்போரின் அசைவும் உணர்த்திவிடும்.

இந்நகரத் தமிழராகிய நமக்கு மற்றொரு சிந்தனையும் எழுகிறது. தெலுங்கு, உருது, தமிழ் என நம் இல்லங்கள் மொழியால் பிரிந்துள்ளன. அவ்வில்லங்களில் பிறந்த செவி கேளாதோர் கூடும்போதோ, சைகை மொழி அவர்களை ஒன்றாக்குகிறது. நாம் பல மொழிகள் கற்று அடையும் ஒருமையை அவர்கள் ஒரே மொழியால் எய்துகின்றனர்.

2011 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் செவித்திறன் குறைந்தோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். ஆண்டு விழாக்களில் அவர்தம் பிள்ளைகள் ஆடும்போது எழும் கைதட்டலில் இரக்கமே மிகுதி. இரக்கத்தால் எழும் கைதட்டல் கலைஞனை உயர்த்தாது. குறை கண்டால் குறை கூறவும், நிறை கண்டால் வியக்கவும் நாம் துணிய வேண்டும். அத்துணிவுக்கு உரிய மேடையை அமைப்பதே நம் போன்ற சங்கங்களின் கடமையாகும்.